பூங்காவனம் பிடித்து வந்தவை

காரைக்காலுக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், சங்குமேடு என்று ஒரு ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. தரை வழியாகப் போனால் பார்த்துவிட்டு வரலாம். கடல் வழியாகப் போனால் பிடிபட்டுத்தான் போக வேண்டும்.

அந்த ஊர்த் தையல்நாயகி, பிரான்சில் இருக்கிற தன் அண்ணனிடம் ஒரு படகு கேட்டாள். பிரான்சு என்றால் துலோன் துறைமுகத்தில் ஒரு ஓட்டலின் பின்கட்டில் தட்டுக் கழுவுகிற பிரான்சு. ஐப்பசிப் புயலில் அவள் வீட்டு ஃபைபர் படகு வாழைப்பூ மாதிரி மடல் மடலாகப் பிரிந்து கிடந்ததை வீடியோ காலில் காட்டி, "அண்ணே, ஒரு படகு வாங்கிக் குடுண்ணே, சின்னதா இருந்தாக்கூட போதும்" என்றாள். அண்ணன் அந்தப் பக்கம் ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தான். பிறகு "அனுப்புறேன்" என்றான். சொன்ன சொல் தவறாத மனுஷன், அனுப்பினான். தை மாதம் பாதியில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மூடியில் மூன்று பாய்மரமும் எழுபத்துநாலு பீரங்கியுமாக, அந்தக் காலத்துப் பிரெஞ்சு ராஜாவின் போர்க்கப்பல் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு நின்றது. உள்ளே அதே கப்பல் குச்சியும் பட்டையும் நூலுமாகக் கிடந்தது.

"படகுதான கேட்ட," என்றான் அவள் புருஷன் மதியழகன். "படகுதான வந்திருக்கு." அவன் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. பதினைந்து வருஷம் கடலுக்குப் போய், பதினைந்து வருஷமும் மூன்றாவது அலையில் வாந்தி எடுத்தவன் அவன். படகு உடைந்த மறுநாளே ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அன்றிலிருந்து இரண்டு சுற்றுப் பெருத்திருந்தான்.

தையல்நாயகிக்கு நிம்மதி இல்லை, அதற்குக் காரணம் இருந்தது. சங்குமேட்டில் படகு இருக்கிற வீட்டுக்குத்தான் கரையில் இடம். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே பன்னிரண்டு அடி மணல். அந்த மணலில்தான் படகு நிற்கும், வலை காயும், வீட்டுப் பெண் கருவாடு பரப்புவாள். இடம் போனால் தார் ரோட்டோரம் சாக்கு விரித்து, லாரிப் புழுதியோடு சேர்த்து நெத்திலி காயவைக்க வேண்டியதுதான். வருஷா வருஷம் மாசிமகத்தன்று காலையில், சாமி கடலாட வருவதற்கு முன்னால், ஒவ்வொரு வீட்டுப் படகும் தண்ணீரில் நனைய வேண்டும். நனைந்த வீட்டுக்கு இடம் நிலைக்கும். நனையாத வீட்டு இடம் பக்கத்து இடத்துக்காரருக்குப் போகும்.

பக்கத்து இடத்துக்காரர் காத்தவராயன். அவருக்கு இரண்டு படகு, ஒரு இடம். அதனால் இரண்டாவது படகின் மூக்கைத் தினமும் ஒரு சாண் தையல்நாயகியின் மணலுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூக்கு," என்பாள் அவள்.

"அலை தள்ளுது, தங்கச்சி."

"அலை பக்கவாட்டுலயா தள்ளும்?"

"இந்த வருஷம் அப்படித்தான் தள்ளுது."

ஆகவே அவள் பெட்டியைக் கவிழ்த்து, குச்சிகளை முறத்தில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பெரிசு சிறிசாகப் பிரித்து, கப்பல் கட்ட உட்கார்ந்தாள். கட்டும் முறை எழுதிய தாள் முழுக்கப் பிரெஞ்சு. அதைப் படிக்க ஊரில் இருந்தது ஒரே ஆள், சொல்தா பிரகாசம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அதனால் சொல்தா, அதாவது சிப்பாய். அந்த இருபத்திரண்டு வருஷமும் பட்டாளத்துச் சமையலறையிலேயே இருந்தவர் என்பதை மட்டும் அவராகச் சொல்ல மாட்டார், அவர் படிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

"பட்டைய வெந்நீர்ல போடு," என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசிப்பார். "பதம் வந்ததும் எடு. மெதுவா வளைச்சு, மேல பசை தடவி, மூடி போட்டு ஆற வையி."

"மூடி எதுக்கு மாமா?"

"பூச்சி விழாம."

இருபத்தைந்து நாள். எழுபத்துநாலு பீரங்கிகளையும் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்து எடுத்து வைத்தாள். கயிறுகளை மதியழகன் கட்டினான். வலை பின்னிப் பழகிய விரல், கடலுக்குப் போகாமல் கயிறு கட்டக் கிடைத்ததில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கப்பல் எழுந்து நின்றபோது இரண்டு முழம் நீளமும் ஒன்றரை முழம் உயரமும் இருந்தது. அதற்குப் பிரான்சுக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சங்குமேட்டில் படகுக்கு வீட்டில் செத்துப்போன பெரிய மனுஷியின் பெயரை வைப்பார்கள். தையல்நாயகி தன் மாமியாரின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதினாள்: பூங்காவனம். உயிரோடு இருந்த காலத்தில், அந்தம்மா வாசலைக் கடந்து மீன்கூடையோடு போன யாரும் இரண்டு மீன் குறையாமல் போனது கிடையாது. அதைத் தையல்நாயகி அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மாசிமகத்தன்று காலையில் ஊரே கரையில் நின்றது. மற்றவர்கள் டிராக்டர் வைத்துப் படகு இழுத்தார்கள். அவள் தன் படகை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். காத்தவராயன் சிரித்துச் சிரித்து இருமினார்.

"தலைவரே, இது என்னா கொலு பொம்மையா?"

ஊர்த்தலைவர் தங்கமுடி குனிந்து பார்த்தார். அவர் எதையும் அவசரமாகச் சொல்லி அறியாதவர். "மெதக்குமா?" என்று கேட்டார்.

"மெதக்கும் மாமா."

"படகு நனையணும்னுதான் வழக்கம். எத்தன அடின்னு எந்தக் காலத்துலயும் கேட்டதில்ல. நனைக்கட்டும்."

அவள் மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, எலுமிச்சம்பழம் நறுக்கிச் சுற்றிப் போட்டாள். பிறகு, வீட்டுப் பெண்கள் எல்லாப் படகுக்கும் செய்வது போல, அணியத்தில் வாய் வைத்து, அதாவது படகின் மூக்கருகே யாருக்கும் கேட்காமல், படகுக்கு அதன் வேலையைச் சொன்னாள். அந்தச் சொல் வருஷத்துக்கு ஒருமுறைதான். அடுத்த மாசிமகம் வரை மாற்றக் கூடாது. எல்லாரும் சொல்கிற சொல்தான் அது. அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிற சொல். "கடலுக்குப் போ, வெறுங்கையோட வராத."

மீன்பிடி படகிடம் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம். பூங்காவனத்துக்கு எழுபத்துநாலு பீரங்கி இருந்தது.

தண்ணீரில் வைத்ததும் கப்பல் ஒருமுறை தலையாட்டியது, பாய் புடைத்தது, எதிர்க்காற்றிலேயே ஏறி, மூன்று அலை தாண்டி, பொட்டாகி, மறைந்தது. "போயிடுச்சு," என்றார்கள். "நனைஞ்சுதான போச்சு," என்றாள் தையல்நாயகி. காத்தவராயன் தன் இரண்டாவது படகை இன்னும் ஒரு முழம் நகர்த்தினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அது திரும்பி வந்தது. பின்னால், தையல் நூல் கனத்தில் ஒரு கயிற்றில், அறுபதடி விசைப்படகு ஒன்று கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டு வந்தது. அதன் மேல் வேற்றூர்க்காரர் ஏழு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பட்டாசு வெடிக்குதுன்னு நெனச்சோம்," என்றார் அந்தப் படகின் டிரைவர், மணலில் இறங்கி. "பாத்தா வலைக்கயிறு அறுந்து கெடக்கு. கொடிக்கம்பு சாஞ்சு கெடக்கு. என் தொப்பியில ஓட்டை." தொப்பியைக் கழற்றிக் காட்டினார். கடுகு போகிற அளவு இருந்தது. "சின்னதுதான். ஆனா ஓட்டை ஓட்டைதானங்க."

தங்கமுடி ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "வந்தவங்களுக்கு டீ போட்டாச்சா?" என்று கேட்டார்.

அன்றே கூட்டம் கூடியது. சங்குமேட்டில் கூட்டம் என்றால் மண்டபத்துக்குள் படகுக்கு ஒரு ஆண்பிள்ளை உட்காருவான். பெண்கள் வெளியே பூவரச மரத்தடியில் நின்று, ஜன்னல் வழியாக வருகிற வரைக்கும் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு முழக் கப்பல் அறுபதடிப் படகைப் பிடிப்பது எப்படி என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. "பூங்காவனத்தம்மா பேர வச்சா வேற எப்படி இருக்கும்," என்றார் ஒருவர், எல்லாரும் தலையாட்டினார்கள், அது முடிந்தது. கேள்வியெல்லாம் பிடிபட்ட ஏழு பேருக்கு ராத்திரிச் சோறு எந்த வீட்டில் என்பதுதான்.

"இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?" என்றார் தங்கமுடி.

"இல்லீங்க."

"அப்ப இதுக்கு வழக்கம் இல்ல. வழக்கம் இல்லாததால வழக்கத்துக்கு விரோதமும் இல்ல. வீட்டுக்கு ஒரு நாள் முறை வச்சு சோறு போட்டு, காலையில அனுப்பிடுவோம்."

மறுநாள் இன்னொரு விசைப்படகு. அதற்கு மறுநாள் ஒரு கட்டுமரமும், அதில் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமும். பிறகு படம் எடுத்துக்கொண்டிருந்த புது மாப்பிள்ளை பெண்ணோடு ஒரு உல்லாசப் படகு, எங்கிருந்தோ அறுந்து வந்த மிதவை, மிதவையின் மேல் உட்கார்ந்திருந்த கொக்கு, கடலை அளக்க வந்த இரண்டு என்ஜினியர்கள், அவர்கள் அளந்து வைத்திருந்த கணக்கு, இப்படி ஒன்று மாற்றி ஒன்றாகப் பூங்காவனம் பிடித்து வந்து மணலில் விட்டுக்கொண்டே இருந்தது. ஊரும் சளைக்காமல் வரவேற்று, உட்காரவைத்து, குழம்பு ஊற்றி, மறுநாள் வழியனுப்பிக்கொண்டே இருந்தது. தையல்நாயகி முறையன்று சங்கரா மீன் குழம்பு என்று வெளியூரில் பேச்சு பரவி, பிடிபடுவதற்கென்றே சிலர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடலில் வந்து நின்றார்கள். இரண்டு கல்யாணம் பேசி முடிந்தது.

கப்பலில் ஆள் யாரையும் யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாய்மரக் கயிறுகளில் புளிய இலை அளவுச் சட்டைகள் வரிசையாகக் காயும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் தையல்நாயகி போய் எடுத்து மடித்து வைப்பாள். சொல்தா பிரகாசம் தினமும் வாயருகே கை குவித்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்பார். ஒரு வெடி பதிலாக வரும்.

"என்னா சொல்லுது மாமா?"

"சாப்பாடு எத்தன மணிக்குன்னு கேக்குது."

"நெசமாவா?"

"எனக்கு அதுதான் வெளங்குது."

பங்குனி பிறந்ததும் ஏழு துறைகளிலிருந்து ஏழு தலைவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்குமேட்டுக்கு வந்தார்கள். தரை வழியாகத்தான் வந்தார்கள். எங்கள் ஆள்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் பெண்கள் வைக்கிற குழம்பைத் தொடுவதில்லை, என்றார் ஒருவர். உங்கள் படகு மீன் பிடிக்கிறதா, ஊர் பிடிக்கிறதா, என்றார் இன்னொருவர். காத்தவராயன் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"தலைவரே, மீன் கொண்டாந்தாத்தான் படகு. தங்கச்சிகிட்ட இருக்கறது படகு இல்ல, சண்டை. சண்டைக்கு யாராவது கரையில பன்னிரண்டு அடி எடம் குடுப்பாங்களா?"

தங்கமுடி வெற்றிலை மென்று முடிகிற வரை யோசித்தார். "மூணு நாள்," என்றார். "வேற தொறைக்காரங்க படகு எதையும் தொடாம, கடல்லேர்ந்து எதையாவது கொண்டாரட்டும். மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டா எடம் தையலுக்கு. வரலன்னா காத்தவராயனுக்கு. படகு வெளிய போயிருக்கு, திரும்பட்டும், பாப்போம்."

அது திரும்பவில்லை. காத்தவராயன் உள்ளூர்ப் படகுகளையும் கரையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏழு துறைக்கும் போன் போட்டு, "மூணு நாள் ஒரு தோணிகூட எறங்காதீங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அறுந்த வலை, மிதவை என்று எதுவும் பூங்காவனத்தின் கையில் சிக்கிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. கடல் துடைத்த தட்டு மாதிரி கிடந்தது. முதல் நாள் பூங்காவனம் அடிவானத்தில் வடக்கிலிருந்து தெற்காகப் போவது தெரிந்தது. இரண்டாம் நாள் தெற்கிலிருந்து வடக்காக. மூன்றாம் நாள் மத்தியானம், நடு வழியில் நின்று, எதற்கென்று தெரியாமல் ஒரு வெடி வெடித்தது.

தையல்நாயகி தன் மணலில் நின்றாள். நின்றாள் என்றாலும் பன்னிரண்டு அடியில் இப்போது அவளுக்கு மிஞ்சியிருந்தது மூன்றடி. மீதியில் காத்தவராயனின் படகு மல்லாந்த மாடு மாதிரி படுத்திருந்தது.

"ஏங்க," என்றாள் மதியழகனிடம். "அது வரமாட்டாம இல்ல. வரமுடியாம நிக்குது. வெறுங்கையோட வராதன்னு நாந்தான சொன்னேன்."

"இப்ப வான்னு சொல்லிப் பாரேன்."

"சொன்ன சொல்ல மாத்தக் கூடாது. கையில ஏதாவது குடுத்தாத்தான் வரும்."

"என்னாத்த குடுக்கறது? கடல்ல ஒண்ணுமே இல்லியே."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தன்னைப் பார்த்துக்கொண்டாள். மதியழகன் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு, "எனக்கு ஷிப்டு இருக்கு," என்றான். ஆனாலும் நல்லவன். ஐஸ் கம்பெனிக்குப் போய், மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டி ஆறு கொண்டுவந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டினான். அது படகு இல்லை. எந்த ஊர் வழக்கத்திலும் அது படகு இல்லை. அதன் மேல் இரண்டு பேரும் எதிரெதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு தென்னை மட்டையால் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்தது. மூன்றாவது அலையில் மதியழகன் வாந்தி எடுத்தான்.

"அஞ்சு மாசமா சாப்பிட்டதெல்லாம் போச்சு," என்றான் வருத்தமாக.

"பேசாம தள்ளுங்க."

சூரியன் சவுக்குத் தோப்பின் தலைக்கு இறங்கியபோது அவர்கள் கப்பலை நெருங்கினார்கள். அது அவர்களைப் பார்த்துத் திரும்பியது. பக்கவாட்டில் எழுபத்துநாலில் பாதி வாய் திறந்தது. தன் கையால் இடுக்கி பிடித்து வைத்த பீரங்கிகள் என்பதால் தையல்நாயகிக்கு ஒவ்வொன்றையும் தெரியும். மேல்வரிசையில் ஐந்தாவது கொஞ்சம் கோணல். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கினாள். "புடிச்சுக்க," என்றாள்.

கப்பல் யோசித்தது. உண்மையாகவே யோசித்தது, பாய்கள் தளர்ந்து, இறுகி, தளர்ந்தன. தன்னைக் கட்டியவளைப் பிடிக்கலாமா என்று அதற்கு ஒரு தடுமாற்றம் இருந்திருக்கும். பிறகு ஊருக்குத் தெரிந்த பூங்காவனத்தம்மா குணம் மேலே வந்துவிட்டது, மரியாதைக்கு ஒரே ஒரு வெடி வெடித்து, நூலை வீசி, தெர்மாகோலைக் கட்டி, கரையைப் பார்த்து இழுத்தது.

பொழுது சாய இரண்டு விரற்கடை இருக்கும்போது அவர்கள் மணலைத் தொட்டார்கள். தையல்நாயகி முட்டி வரை நனைந்த சேலையோடு, கைகளை இறக்காமலே இறங்கினாள். மதியழகனை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள்.

"ஏத்துக்க முடியாது," என்றார் காத்தவராயன். "அது கொண்டாந்தது இவளத்தான."

"கடல்லேர்ந்துதான கொண்டாந்துச்சு," என்றார் தங்கமுடி. "வேற தொறைப் படகையும் தொடல. தெர்மாகோல் படகு இல்ல. சொன்னது சொன்னபடி நடந்திருக்கு."

"இருங்க தலைவரே, நியாயத்துக்கு வாங்க." காத்தவராயன் புத்திசாலி, அதை யாரும் மறுக்க முடியாது. "இதுநாள் வரைக்கும் கப்பல் இவளோடது. இப்ப கப்பல் இவளப் புடிச்சுட்டுது. புடிபட்டவ புடிச்சவனுக்கு எப்படி சொந்தக்காரியாக முடியும்? ஆக, இவளுக்குப் படகு இல்ல. படகு இல்லாதவளுக்கு எடம் இல்ல."

தையல்நாயகியின் கை மெல்லக் கீழே இறங்கியது. தங்கமுடி புது வெற்றிலை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, போட்டுக்கொண்டு, மென்று, துப்பிவிட்டு வந்தார்.

"காத்தவராயன் சொல்றது ரொம்ப சரி," என்றார். "படகு தையலோடது இல்ல."

காத்தவராயன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"படகு யாரோடதும் இல்ல. அது தன்னோடது. நனைஞ்சது அது, போனது அது, கொண்டாந்தது அது. எடம் படகு பேருக்கே எழுதிடுவோம். பூங்காவனம், பன்னிரண்டு அடி. அதுல ஒன் படகு நிக்குது, எடுத்துடு."

"தலைவரே."

"எடம் இருக்கறவங்க கூட்டத்துல உக்காரணும். அதும் வழக்கம்தான். நாளைக்கு வெள்ளிக்கெழம கூட்டம். பூங்காவனத்துக்கு ஒரு நாற்காலி போடுங்க."

"அது எப்படிப் பேசும்?" என்று கேட்டார் காத்தவராயன்.

தங்கமுடி இதை மட்டும் யோசிக்காமல் சொன்னார். "புடிபட்டவங்க புடிச்சவங்க பக்கத்துலதான இருக்கணும். தையலு கூட உக்காந்து எடுத்துச் சொல்லட்டும். வேற யாருக்கும் அது பேசறது வெளங்காது. சொல்தாவுக்கு வெளங்குறது சோறு மட்டுந்தான்."

மறுநாள் மண்டபத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் கப்பல் ஏறியது. வெள்ளிக்கிழமை ஆனதால் சட்டைகள் காய்ந்தபடியே வந்தன. அதன் பக்கத்தில், பெண்கள் யாரும் இதுவரை மிதிக்காத சிமென்டுத் தரையில், தையல்நாயகி பாய் விரித்து உட்கார்ந்தாள். அவளுக்கு இடம் விட்டு மதியழகன் பூவரச மரத்தடியில், பெண்களோடு நின்றுகொண்டான். நிழலும் பேச்சும் அங்கே நன்றாக இருப்பதாகச் சொன்னான். காத்தவராயன் வாய் திறக்க எழுந்தார். ஒரு பீரங்கி வெடித்தது. காத்தவராயன் உட்கார்ந்தார், துண்டில் ஒரு கடுகளவு ஓட்டையோடு.

"பூங்காவனம் ஏதும் சொல்லணுமா, தாயி?" என்று கேட்டார் தங்கமுடி.

தையல்நாயகி இருபது வருஷமாக அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவள். கப்பலின் பக்கம் காதைச் சாய்த்து, கொஞ்ச நேரம் தலையாட்டினாள்.

"நெறய இருக்குங்குது மாமா," என்றாள். "யாராவது போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வந்துடுங்க."